சூடு என்று போன வருசங்கள்

ஆனைமலையில் ஆசனவாயில் இரத்தம் போனால் முதல் மருந்து இளநீர். அதற்கும் நிற்காவிட்டால் துத்தி இலை. அதற்கடுத்து பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் மூலம், பௌத்திரம் விலாசம். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரி கடைசி. எங்கள் அப்பாரு காலத்து வரிசை இது. நானும் இதே வரிசையில் போய்த்தான் சேர்ந்தேன். சேர்ந்தபோது மலக்குடலில் இருந்த புற்றுநோய்க்கு மூன்றாம் ஸ்டேஜ் என்று எழுதினார்கள்.

எனக்குக் கொப்பரைத் தொழில். வெயிலில் காய்கிற களத்தில் காலை முதல் நின்று, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் முடியும்வரை உட்கார்ந்து கிடக்கிற பிழைப்பு. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இரத்தம் போகிறது என்றால் கேட்கிறவர்களுக்கு யோசிக்கவே வேலையில்லை. "சூடுங்க மாமா, எளநி குடிங்க, செரியாயிரும்." சூட்டுக்கு என்று கொங்கு நாட்டில் ஒரு முழு ஏற்பாடே உண்டு: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தொப்புளில் விளக்கெண்ணெய், ஊறவைத்த வெந்தயம், மோர், கருணைக்கிழங்கு. இவற்றைக் கேலி பேச நான் வரவில்லை. மலம் இளகும், எரிச்சல் குறையும். மூலக்காரனுக்கு அது பெரிய உதவி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குடலில் இருக்கும் கட்டி தினமும் இரத்தம் விடுவதில்லை. ஒரு வாரம் விடும், இரண்டு வாரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் எதைக் குடித்திருந்தோமோ அதுவே குணப்படுத்தியதாகப் பேர் வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் அந்தப் பேர் எப்போதும் இளநீருக்குத்தான்.

பழைய வைத்தியம் இவ்வளவு மேம்போக்காக இருந்ததில்லை. யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த நூல் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. 21 என்று பிரித்தவர்கள் நோயாளியைப் பார்த்துத்தான் பிரித்திருக்க வேண்டும். பின்னால் வந்த சுவர் விளம்பர வைத்தியத்தில் அந்தப் பார்வை கழன்றுபோனது. அந்தப் போர்டுகளில் பலவற்றில் வங்காளப் பெயர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்றைய வங்கதேசத்தில் பாரிசால் பக்கம் உள்ள சாந்த்சி என்ற ஊர் மூல வைத்தியத்துக்குப் பேர் போனது. வட இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரையே போர்டில் எழுதுகிறவர்கள் உண்டு. ஆபரேஷன் இல்லை, பத்தியம் இல்லை, வெளியே தெரியாது என்பதுதான் வியாபாரத்தின் உயிர். நிஜமாகவே மூலம் இருந்தவர்களில் பலருக்குக் குணமானதால்தான் தொழில் நிலைத்தது. மூலம் இல்லாதவன் என்ன ஆனான் என்று போர்டில் எழுத மாட்டார்கள்.

இன்னொரு விசயத்தை யாரும் எழுதுவதில்லை. எங்கள் அப்பாரு தலைமுறை காட்டுக்குப் போன தலைமுறை. ஆண்கள் விடியற்காலையில் வாய்க்கால் ஓரம், பெண்கள் அதற்கும் முன்னால், கும்மிருட்டில். என்ன போனது என்று பார்த்தவர் எவர்? கக்கூஸ் வீட்டுக்குள் வந்த பிறகுதான் வெள்ளைப் பீங்கானில் சிவப்பு கண்ணில் பட்டது. எங்கள் அப்புச்சி "ரத்தக் கடுப்பில்" இளைத்து இளைத்துப் போனார் என்று அம்முச்சி சொல்வார். என் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகு அந்தக் கடுப்பின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

படிக்காத குடும்பம், பட்டிக்காடு, அதனால்தான் என்று சொல்வதற்கும் வழியில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் படிப்பை முடித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாளுக்கு வந்ததும் மலக்குடல் புற்றுநோய்தான். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1920-களின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே, அக்கா கண் முன்னால் அவர் இறந்தார். டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி. முத்துலட்சுமி அதை மறக்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. சீதபேதி என்று பிசகிப்போன ஒரு குடல் நோயிலிருந்துதான் தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவம் முளைத்தது என்று நான் சொல்வேன்.

அந்தத் தங்கையின் காலத்தில் குடலுக்குள் எட்டிப் பார்க்க நல்ல கருவி இல்லை. வளையும் குழாயை உள்ளே விட்டு, கட்டியாக மாறக்கூடிய சிறு முளைகளை அங்கேயே வெட்டி எடுக்கும் வேலையை நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள் தொடங்கியது 1969-இல்தான். முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருசம் போல ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம். என் நோய்க்கு அந்தக் கருவிகூட முதலில் தேவைப்படவில்லை. கோயமுத்தூரில் பார்த்த டாக்டர் கையுறை மாட்டி விரலால் பார்த்தார். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, முகம் மாறிவிட்டது. கொலனாஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் அதற்கப்புறம். அதற்கு முன் எனக்கு மாத்திரையும் களிம்பும் கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் படுக்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் அநியாயம் நடந்தவர்கள் மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. யார் பேரில் அரைப்பது? இளநீர் குடிக்கச் சொன்ன மாப்பிள்ளை பேரிலா, களிம்பு கொடுத்தவர் பேரிலா? தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கத்தின் பேரில் மிளகாய் அரைக்க முடியாது.

இன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்க முன்கூட்டியே தேடிப் பார்க்க 2016-இல் வகுத்த திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய் என்று மூன்று புற்றுநோய்கள்தான். குடல் அதில் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வருகிறது. எங்கள் வீதிக்கு வரும் அம்மிணி பிரஷர், சர்க்கரை விசாரித்து மாத்திரை கொடுக்கிறார். நல்ல காரியம். ஜப்பானில் 1992 முதல், இங்கிலாந்தில் 2006 முதல் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று அரசாங்கமே சோதிக்கிறது. இங்கிலாந்தில் அதற்கான சிறு பெட்டி தபாலில் வீட்டுக்கே வந்துவிடும்.

நம் நாட்டில் இந்த நோய் அவர்கள் அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஊர் முழுக்கச் சோதிக்க வேண்டாம். அந்த அம்மிணி பிரஷர் பார்க்கிற நேரத்திலேயே இரத்தம் போகிறதா, மலம் போகிற வழக்கம் மாறியதா, போனபின்னும் மீதி இருப்பதுபோல் தோன்றுகிறதா, காரணமில்லாமல் இளைத்தீர்களா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். சுகாதாரத் துறை இதைச் செய்ய வேண்டும். செய்கிறவரை, இரத்தத்தைப் பார்த்தவர்கள் இளநீரைக் குடித்துவிட்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். களிம்பு எழுதுவதற்கு முன்னால் விரலால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.