உலைக்கு ஓர் இடம்

கிள்ளான் நகருக்குத் தெற்கே, பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங் என்னும் சிற்றூரில், 1964ஆம் ஆண்டு ஒரு மண்மேட்டின் அடியிலிருந்து இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டபோது, ஆராய்ச்சியாளரின் கவனம் முழுவதும் அவற்றின்மீதே சென்றது இயற்கையே. வடவியட்நாமின் டோங்சோன் மரபைச் சேர்ந்தவை, மரப்பலகை ஒன்றின்மேல் வைத்துப் புதைக்கப்பட்டவை, சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்ற பெருமையெல்லாம் அம்முரசுகளுக்கு உண்டு. அவற்றின் அருகே கிடந்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளோ அவ்வளவு பேச்சுக்கு இடமாகவில்லை. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டுக் கொல்லையொன்றில் தகரக் கொட்டகை போட்டுக் கண்ணாடி உருக்க விரும்புகிறவன் தன் தொழிலின் சரித்திரத்தைத் தேடினால், அவனுக்கு முதலில் கிடைக்கும் ஆதாரம் அந்த மணிகள்தாம்.

அக்காலத்தில் இத்தகைய மணிகளின் உற்பத்திக்குப் பெயர் பெற்றிருந்த இடங்களுள் தலையாயது, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த வாணிபத்தின் சின்னங்களை உலகறியச் செய்தார். பின்னாளில் அம்மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்காசியத் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் அவற்றின் இனத்துக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். மணி செய்யும் முறையும் சாமானியமானதன்று. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் திரட்டி, நடுவே துளை அமையும்படி உருவாக்கி, சவ்வுமிட்டாய்க்காரன் பாகை இழுப்பதுபோலக் கையால் இழுத்து நீண்ட நெடுங்குழல்களாக்குவார்கள். அவை ஆறியதும் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கச் சாம்பலோடு கலந்து மறுபடியும் சூடேற்றி, கூரிய விளிம்புகளை மழுங்கச் செய்வார்கள். செங்கல் நிற மணி வேண்டுமாயின், கண்ணாடியிலே செம்பைச் சேர்ப்பதோடு, உலையில் காற்றைக் குறைத்துப் புகையை மிகுவிக்கும் சாமர்த்தியமும் வேண்டும். காற்று மிகுந்துவிட்டால் அதே செம்பு சிவப்பைக் கைவிட்டு நீலத்தையோ பச்சையையோ தந்துவிடும்.

இத்தனை நுட்பமான தொழிலுக்கு வேண்டியிருந்த கருவிகளோ மிகச் சில. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்ற கிராமத்தில் இருபதாம் நூற்றாண்டு வரையில் இம்மரபு உயிரோடிருந்ததைக் கண்டு எழுதியவர்கள் காட்டும் சித்திரம் இதுவே: களிமண்ணால் கட்டிய உலை, நீண்ட இரும்புக் குழாய், நறுக்குவதற்கு ஒரு கத்தி, பழகிய கைகள். உலையைக் கப்பலில் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. இறங்கிய கரையின் மண்ணைக் குழைத்தே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆதலின் மணிகளைத் தொடர்ந்து தொழிலும் கடல் கடந்தது. கெடாவின் சுங்கை மாஸிலும், பேராக்கின் குவாலா செலின்சிங்கிலும் அகழ்ந்தவர்கள், விற்பனைக்கு வந்த மணிகளோடு, முடிவுறாத துண்டுகளையும் கண்ணாடிக் கழிவையும் கண்டெடுத்தனர்; மணிகள் அங்கேயே செய்யப்பட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

தொழில் எளிதாக இடம் பெயர்ந்தாலும், அதன் நெருப்பை எங்கே வைப்பது என்ற பிரச்சினை மட்டும் எந்த ஊரிலும் எளிதாகத் தீரவில்லை. இரவும் பகலும் எரியும் உலைகளால் மரவீடுகள் நிறைந்த நகரம் சாம்பலாகுமோ என்று அஞ்சிய வெனிஸ் குடியரசு, 1291இல் கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ தீவுக்குப் போகும்படி ஆணையிட்டது. அந்தத் தீவின் பெயரே பிற்காலத்தில் உயர்ந்த கண்ணாடிக்கு அடையாளமாகிவிட்டது. அதே அச்சம் ஆறு நூற்றாண்டுகள் கழித்து நம் கோலாலம்பூரையும் பற்றியது. 1857இல் வெள்ளீயம் தேடி வந்தவர்கள் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தருகே அமைத்த குடியேற்றம், மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் நெருங்கி வளர்ந்து, 1881இல் நெருப்புக்கு இரையாயிற்று. அவ்வாண்டே வெள்ளமும் வந்து மிஞ்சியதைக் கெடுத்தது. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பதவியேற்ற ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிக் கட்டிடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழவேண்டும் என்று வற்புறுத்த, சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் நகரின் தென்புறத்தில் செங்கல் சூளை அமைத்தார். நெருப்பினால் அழிந்த ஊரை மீட்டெடுத்ததும் நெருப்பேயாயினும், இம்முறை அது குடியிருப்பின் நடுவில் எரியாமல் ஊருக்கு வெளியே, களிமண்ணும் வெளியும் உள்ள இடத்தில் எரிந்தது. அந்த இடந்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த ரயில்பாதை வந்தபின், சூளைகள் இருந்த பூமியில் ரயில்வேக் குடியிருப்புகள் எழுந்தன. தமிழ்நாட்டினின்றும் இலங்கையினின்றும் வந்த தமிழர்கள் அங்கே குடும்பங்களோடு வேரூன்றினார்கள்.

பெருநெருப்பு விலகிப் போனதே தவிர, சிறுநெருப்பு வீட்டை விட்டு அகலவில்லை. சீனாவின் ஷாந்தோவிலிருந்து 1885இல் கோலாலம்பூருக்கு வந்த யோங் கூன் என்னும் இளைஞர், இப்பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தைக் கொண்டு பூஜைக்குரிய ஊதுவத்திப் பாத்திரங்களையும் விளக்குத் தண்டுகளையும் செய்யத் தொடங்கினார். சொரசொரப்பான ஒரு காட்டிலையால் அவற்றைத் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்தச் சிறு கடையே இன்றைய ராயல் சிலாங்கூர் ஸ்தாபனம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால், அதற்கு அடுப்பளவு நெருப்பே போதுமானதாயிருந்தது. நம் பத்தரின் பட்டறைக்கும் அதுவே பொருந்தும். கும்முட்டியும் ஊதுகுழலும் மூசையும் பற்றுக்குறடும் வைத்துக்கொண்டு, ஓரடிச் சதுரத்துக்குள் அடங்கும் தணலில் பொன்னை உருக்கி, வாயால் ஊதிய காற்றினால் சுடரை ஊசி முனைபோல் வளைத்து, வெண்காரம் தடவிய இடத்தில் மட்டும் பற்றவைக்கும் வித்தைக்கு ஒரு பாயளவு இடமும் நல்ல வெளிச்சமும் போதும்.

கண்ணாடிக்கு இத்தகைய பாக்கியம் நெடுங்காலம் கிட்டவில்லை. அதன் உலை ஆயிரம் டிகிரிக்கு மேல் உஷ்ணத்தை இரவும் பகலும் ஓயாமல் கேட்பது. ஆகவே அது ஆலைக்குப் போயிற்று. அங்கும் ஒரு விசித்திரம் உண்டு. 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி உலகுக்கு அறிவித்த முறைப்படி, சன்னல் கண்ணாடி இன்று உருகிய வெள்ளீயக் குளத்தின்மேல் மிதக்கவிட்டுத்தான் சமதளமாக்கப்படுகிறது. இப்பள்ளத்தாக்கின் செல்வமாயிருந்த அதே உலோகம் கண்ணாடிக்குப் படுக்கையானது. தனி மனிதனின் கைக்குக் கண்ணாடி திரும்பி வந்ததோ விளக்குச் சுடரின் வழியாக. ஜெர்மனியின் லவுஷா என்ற மலையூரில் 1867இல் எரிவாயு நிலையம் ஏற்பட்டபின், குடும்பங்கள் வீட்டு மேசையிலேயே வாயுச் சுடரில் கண்ணாடி ஊதிப் பிழைத்தன. நம் பத்தர் ஊதுகுழலால் செய்ததை அங்கே துருத்தியும் வாயுவும் செய்தன.

இன்று கொல்லையில் கொட்டகை போடுகிறவன் செய்வதும் இதன் தொடர்ச்சியே. சிமெண்டுத் தரையும் தீப்பற்றாத மேசையும் அவனுக்கு வேண்டும். எரிவாயுத் தோம்பு கொட்டகைக்கு வெளியே நிற்க வேண்டும். அடைத்த அறையில் நச்சுவாயு தேங்குமாதலால், புகையை வெளியேற்றும் விசிறியும் புதுக்காற்று வரும் வழியும் எதிரெதிரே அமைய வேண்டும். சுடரில் படும் கண்ணாடியின் சோடியம் வீசும் மஞ்சளொளி கண்ணை மறைக்காதிருக்க டிடிமியம் மூக்குக்கண்ணாடி வேண்டும். செய்து முடித்த மணியைச் சட்டென்று குளிரவிட்டால் உள்ளே நிற்கும் இழுவிசை அதைப் பிளந்துவிடும். சாதாரணச் சோடாக் கண்ணாடியை ஏறத்தாழ 500 டிகிரியில் சிறு மின்சூளையில் நிறுத்தி, மெல்ல மெல்ல ஆற்ற வேண்டும். போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது சோடாக் கண்ணாடி விரிவதில் மூன்றிலொரு பங்கே ஆதலால், இரண்டையும் ஒரே மணியில் கலப்பவனுக்குக் கிடைப்பது விரிசல் ஒன்றே.

ஆயின், தொடர்வீடுகள் முதுகோடு முதுகு நிற்கும் இந்நகரில் இத்தொழிலுக்கு இடமுண்டா என்று கேட்போருக்குச் சரித்திரமே விடை கூறுகிறது. வெனிஸ் உலைகளை அனுப்பியதேயன்றி அணைக்கவில்லை. கோலாலம்பூர் கூரையை மாற்றியதேயன்றிச் சூளையை வெறுக்கவில்லை. நெருப்புக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், எத்தகைய சுவர் என்பதை நிர்ணயிப்பதே இரண்டு நகரங்களும் செய்த காரியம். பட்டறையளவு சுடருக்கு இன்று தீவு தேவையில்லை. நகராண்மைக் கழகத்திடமும் தீயணைப்புத் துறையான பொம்பாவிடமும் விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து, ஒட்டுச்சுவருக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே தீ மூட்டுகிறவன் அந்த நிர்ணயத்தைத் தன் அளவில் செய்துகொண்டவனாகிறான். அப்படிச் செய்யாதவனால்தான் அடுத்தவன் கொட்டகைக்கும் தடை வருகிறது.