மைதானத்திலிருந்து வந்த அதிபர்

விளையாட்டுக்காரர் ஒருத்தரைக் கொண்டுவந்து அதிபர் கதிரையில் இருத்தினால் என்ன நடக்கும்? மைதானம் பெருக்கும், படிப்பு பின்னுக்குப் போகும் எண்டுதான் நாங்கள் நினைப்பம். அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1956 இல் அதிபரானவர் கை வைத்தது வகுப்பறையில்.

கரிசன் டேவிட்சன் அங்கேயே படித்து, கல்லூரி அணிக்கு உதைபந்து விளையாடி, 1927 இல் வெளியேறியவர். (அமெரிக்க உதைபந்து. எங்களுக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் இல்லை, ரக்பிக்குத்தான் கிட்ட.) 1933 இல், முப்பது வயதுகூட ஆகாத லெப்டினன்டாக, அதே அணியின் தலைமைப் பயிற்றுநரானார். ஐந்து பருவங்களில் 35 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமநிலை. பிறகு யுத்தம். இராணுவப் பொறியியலாளராக சிசிலியில் பற்றனின் 7ஆவது இராணுவத்தில் இருந்தார். 1950 இல் கொரியாவின் புசான் நகரைக் காக்க அவர் வகுத்த கடைசிப் பாதுகாப்புக் கோடு 'டேவிட்சன் கோடு' எண்டே பெயர் பெற்றது. அந்தக் கோட்டுக்குப் பின்வாங்க வேண்டிய நிலை கடைசிவரை வரவில்லை.

அவர் பொறுப்பெடுத்த கல்லூரியோ 1817 தொடக்கம் 1833 வரை அதிபராக இருந்த சில்வானஸ் தேயர் போட்ட தண்டவாளத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கணிதம், பொறியியல், ஒவ்வொரு நாளும் கரும்பலகைக்கு முன்னால் ஒப்புவிக்கிறது, அதுக்கு ஒவ்வொரு நாளும் புள்ளி. எந்த மொழி படிக்கிறது எண்டதை விட்டால், மாணவருக்குத் தெரிவே இல்லை. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வி.

ஒழுக்கம் வளர்க்கிற முறை எண்டு அதைப் புகழ்ந்தவர்கள் நிறையப் பேர். நான் நம்பமாட்டன். 1951 இல் நடந்ததைப் பாருங்கோ. மாணவர்கள் இரண்டு படைப்பிரிவாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு பிரிவு இன்றைக்கு எழுதின வினாத்தாளையே மற்றப் பிரிவு அடுத்த நாள் எழுதும். முதல் எழுதினவர்கள் கேள்விகளைக் கடத்தினார்கள். சுமார் 90 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உதைபந்து அணிக்காரர், பயிற்றுநர் ஏர்ள் பிளெய்க்கின் மகனும் ஒருவர். ஏமாற்றினது பிழைதான். ஆனால் அந்த ஏமாற்றுக்கு வழிவிட்டதே 'எல்லாருக்கும் ஒண்டு' எண்ட முறைதானே?

ஐந்து வருசம் கழித்து வந்த டேவிட்சன் முழுப் பாடத்திட்டத்தையும் ஆராயத் தொடங்கினார். கடைசி வருட மாணவர் ஒன்றிரண்டு பாடத்தையாவது தாங்களே தெரிவுசெய்யட்டும் எண்டது பெரிய கோரிக்கையே இல்லை. ஆனால் அங்கே பாடத்தைத் தீர்மானிக்கிறது கல்விச் சபை. அதில் நிரந்தரமாக இருக்கிறவர்கள் துறைத் தலைவர்களான பேராசிரியர்கள். அதிபர் மூன்று நான்கு வருசத்தில் மாறிப்போறவர், அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாக்கு. 1919 இல் அதிபராக வந்த மக்ஆர்தரும் இதே சுவரில்தான் முட்டினவர். மாணவர் எல்லாரும் கட்டாயம் விளையாட வேணும் எண்டதை அவரால் கொண்டுவர முடிந்தது, பாடத்திட்டத்தைப் பெரிதாக அசைக்க முடியவில்லை.

மைதானக் கோட்டுக்கு வெளியே நிண்டு கட்டளையிட்டுப் பழகின ஒருத்தர், மேசையைச் சுற்றி இருந்து ஒவ்வொரு பேராசிரியராக இணங்கவைக்க வேண்டியிருந்தது. இதில் கோரிக்கைகள் சுருங்கித்தான் வெளிவரும். வெளிவந்தது, 1960 அளவில் ஓரிரு விருப்பப் பாடங்கள். அந்த வருசமே டேவிட்சனின் காலமும் முடிந்தது. ஒரு துறையைத் தெரிந்தெடுத்துச் சிறப்பாகப் படிக்கிற வசதி வெஸ்ற் பொயின்ற் மாணவருக்கு 1980களில்தான் கிடைத்தது.