வெள்ளைக்கழிச்சலும் அரிவாள்மனையும்

கொல்லைக் கோழி சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுந்தால், அது சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழகிப்போன வழக்கம். இதை அறியாமை என்று தள்ளுவது சரியல்ல. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. கோழியை அப்படிச் சாய்க்கும் வெள்ளைக்கழிச்சல் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தனி நோயாக அறியப்பட்டது. பின்னர் குமாவோன் மலையூரான ராணிகேத்தில் கண்டதால் இந்தியாவில் அந்த ஊரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. பெயர் கிடைத்ததே தவிர மருந்து கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் பிறந்த தடுப்பூசியோ குளிர்பெட்டியைக் கேட்டது. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. ஐந்து கோழி வைத்திருப்பவளுக்கு அது எப்படி எட்டும்? எட்டியது அரிவாள்மனைதான்.

அறுப்பதுதானே நோயைப் பரப்பியது என்பார்கள். பாதி உண்மை. பரப்பியது குப்பைமேட்டில் வீசிய குடலும் இறகும். அதைவிட, வாடியதை அறுத்துவிட்டு மீதியை அவசரமாகச் சந்தைக்கு ஏற்றிய பழக்கம். (விற்றவர் யாரும் காரணம் சொல்லி விற்றதில்லை.) ஆனால் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் தலைகாட்டியதும் பழைய கணக்கு உடைந்தது. வெள்ளைக்கழிச்சல் மனிதர்களுக்குப் பெரும்பாலும் கண்வலியோடு நின்றுவிடும். பறவைக்காய்ச்சலோ உயிரையே கேட்கக்கூடியது. இரண்டையும் கொல்லையில் நின்று கண்ணால் பிரித்தறிய எந்தப் பாட்டியாலும் முடியாது.