தரைவண்டுகளின் உணவு: ஆய்வு வரலாறும் கடலாடி மானாவாரி நிலமும்

முன்னுரை

தரைவண்டுகளுள் பல பயிர்ப்பூச்சிகளை இரையாகக் கொள்வன. அவை எதை உண்கின்றன என்னும் வினா, உண்ட உணவு அவற்றின் இரைத்தேர்வையும் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினாவாக விரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது; கடலாடி வட்டாரத்திற்கு அதன் பொருத்தத்தையும் சுட்டுகிறது.

பெயரிட்ட காலம்

1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக் திரட்டிய பூச்சிகள் பலவற்றை டேனிய அறிஞர் ஃபாப்ரீசியஸ் விவரித்தார். தென்னிந்தியாவில் காணப்படும், ஆறு வெண்புள்ளிகளையுடைய 'ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா' என்னும் தரைவண்டுக்கு 1775இல் பெயரிட்டவரும் அவரே. இந்தியத் தரைவண்டுகள் குறித்த ஆண்ட்ரூஸின் தொகுதிகள் 1929, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இம்முயற்சிகளின் மையம் உருவமும் வகைப்பாடுமே, உணவன்று.

உணவை வினவிய காலம்

அமெரிக்காவின் இல்லினாயில் ஃபோர்ப்ஸ் தரைவண்டுகளின் உணவுக்குழலை அறுத்து ஆராய்ந்து, பூச்சிகளோடு தாவரப்பொருளும் அவற்றின் உணவாவதை 1883இல் வெளியிட்டார். ஆயினும் வயிற்றில் இருந்தது எது என்பதை அறிவதும், அது வண்டுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை அறிவதும் வேறு வேறு. பின்னதை ஐரோப்பியச் சோதனைகள் விளக்கின. அசுவினியை மட்டும் உண்ட வண்டினங்கள் பல குறைந்த முட்டைகளையே இட்டன. கலப்புணவு அக்குறையைத் தணித்தது. முதிர்வண்டின் உடலளவு புழுப்பருவ உணவால் அமைகிறது; பின்னர் அது மாறுவதில்லை.

மேயின்ட்ஸ் முதலியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு, முன்னர்க் குறைவாகக் கிடைத்த சத்தைப் பின்னர் வண்டு தேடி உண்பதைக் காட்டியது. ஜென்சன் முதலியோர் 2012இல், பெண் வண்டுகள் தாமே தேர்ந்துண்ட புரத, கொழுப்பு விகிதமே முட்டை மிகுதற்கு உகந்தது என நிறுவினர். இரை எனக் கண்டதை எல்லாம் உண்ணும் உயிரென்ற பழைய கருத்து இதனால் திருத்தம் பெற்றது.

கடலாடிப் பொருத்தம்

கடலாடி வட்டாரத்தில் நெல் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆண்டின் பெரும்பகுதி நிலம் தரிசாகக் கிடக்கும். நெல்வயலில் இலைச்சுருட்டுப் புழுவைத் தின்னும் 'ஒபியோனியா' போன்ற வண்டுகளுக்குப் பயிர்ப்பூச்சி வருமுன் பிற சிற்றுயிர்கள் தேவை. வரப்பின் பூண்டுகளும் கண்மாய்க்கரையும் அவற்றுக்குப் புகலாகும். விதைத்தவுடன் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, வண்டைக் கொல்லாது விடினும் அதன் கலப்புணவை அழிக்கக்கூடும்; அதன் விளைவு அடுத்த தலைமுறையின் எண்ணிக்கையில் தெரியும்.

முடிவுரை

பெயரறிவிலிருந்து உணவறிவுக்கு வர இத்துறைக்கு இரு நூற்றாண்டுகள் ஆயின. ஆகவே மானாவாரி வயல்களில் வண்டுகளை எண்ணுவதோடு அமையாது, தரிசுக் காலத்தில் அவை உண்பதையும் அவை இடும் முட்டைகளையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். எண்ணிக்கை மட்டும் நோக்கின், வண்டு குறைந்தபின்னரே குறைவு புலப்படும்.