ஜவ்வாது மலைமேல் விழுந்த அபவாதம்

ஜவ்வாது மலையின் மலையாளிக் குடிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொண்டு, சாமை விதைத்தும், தேன் எடுத்தும், புளியம்பழம் உலுக்கியும் ஜீவனம் நடத்தி வந்தவர்கள். 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காடுகளை ராஜாங்கத்தின் காவலில் கொண்டுவர வழிவகுத்தபின் அவர்களது பாத்தியதை சுருங்கியது. மானாவாரி விளைச்சல் வருஷம் முழுவதும் வயிற்றுக்குப் போதாமையால், கூலி தேடி அயலூர் செல்வது வழக்கமாயிற்று.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் அடங்குவர். விசாரணை தொடங்குமுன்பே, ‘கடத்தல்காரர்கள்’ என்ற போலீஸ் வாசகம் செய்திகளில் இடம்பிடித்துக்கொண்டது. பின்னர், பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களும் இறந்தோரில் உண்டு என்று, உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் கூறினர்.

மரம் வெட்டும் கூலியாளும், அம்மரத்தைக் கப்பலேற்றி லாபம் குவிக்கும் தனவானும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது பெரும் அநியாயம். பரம்பரைகளையே குற்றவாளிகளாக்கிய 1871-ஆம் வருஷத்துச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. அதன் மனோபாவம் ஒழியவில்லை. இத்தகைய செய்திகளைப் பற்றி முறையிடுவதற்குச் செய்தி ஒளிபரப்பாளர் அமைப்பு 2008-இல் ஏற்படுத்திய புகார் ஏற்பாடு, எழுதத் தெரிந்தவர்க்கு மட்டுமன்றி, மலைக் கிராமத்து ஏழைக்கும் எட்டவேண்டும். பிழையாகச் சொன்ன செய்தியை, சொன்ன அதே நேரத்தில், அதே உரத்த குரலில் திருத்திச் சொல்வதே தர்மம்.