முட்டம் கடற்கரை

முட்டம் கடற்கரை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், கல்குளம் வட்டத்தில், அரபிக்கடலை ஒட்டி அமைந்துள்ள ஒரு பாறைக் கடற்கரை ஆகும். நாகர்கோவிலில் இருந்து தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலும் கன்னியாகுமரியில் இருந்து மேற்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவிலும் இது உள்ளது. கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீண்டு செல்லும் பாறைகள், கதிரவன் மறையும் காட்சி ஆகியவற்றுக்காகவும், தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றின் களமாக அமைந்ததாலும் இக்கடற்கரை பெயர் பெற்றது. இது காண்பதற்கு உகந்த கடற்கரையே அன்றி, இறங்கிக் குளிப்பதற்கு உகந்தது அன்று. வெளியூரில் இருந்து வருவோர் முதலில் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதுவே.

பெயரும் அமைவிடமும்

கன்னியாகுமரி நகரை அடுத்துள்ள சின்னமுட்டம் என்னும் மீன்பிடித் துறைமுகமும் முட்டமும் வெவ்வேறு ஊர்கள். பெயர் ஒற்றுமையால் பயணிகள் சிலர் இரண்டையும் குழப்பிக் கொள்வதுண்டு. முட்டம் நாஞ்சில் நாட்டின் மேற்கு எல்லையை அடுத்த ஊர். தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களே மரபாக நாஞ்சில் நாடு எனப்படுவதால், கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த முட்டம் அந்த எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. இன்றைய வழக்கில் மாவட்டம் முழுவதையுமே நாஞ்சில் நாடு எனக் குறிப்போர் பலர். திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த இப்பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணைந்தது.

மேற்கில் கடியபட்டணம் என்னும் ஊர் உள்ளது. வள்ளியாறு அங்கே கடலில் கலக்கிறது.

பாறைகளும் மணலும்

முட்டத்தில் நிலம் ஒரு மேடாக உயர்ந்து கடலுக்குள் முனையாக நீள்கிறது. மேட்டின் மேல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கடியபட்டணத்தை ஒட்டிய கடற்பகுதியில் நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்கு மேலும் பாறைகள் கிடப்பதால், கப்பலோட்டிகளுக்கு இங்கு ஒரு விளக்கு இன்றியமையாததாகிறது. விளக்கத்தின் மேல் ஏறிப் பார்க்க விரும்புவோர் அனுமதி நேரத்தை முன்னரே விசாரித்துச் செல்வது நல்லது.

இம்மாவட்டத்தின் பாறைகள் சார்னோக்கைட்டு, கொண்டலைட்டு ஆகிய உருமாற்றப் பாறை வகைகளைச் சேர்ந்தவை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. பாறைகளுக்குப் பின்னே உள்நிலத்தில் செம்மணல் மேடுகள் காணப்படுகின்றன. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படலமாகப் படிந்திருப்பதே இந்தச் சிவப்புக்குக் காரணம். இத்தகைய நிலம் தேரி எனப்படும். மழைநீர் இம்மேடுகளை அரித்து ஆழமான ஓடைகளை உண்டாக்கியுள்ளது. பெரும்பாலான பயணிகள் பாறைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். மாணவர்களைப் பொறுத்தவரை இச்செம்மணல் மேடுகளே கூடுதலாகக் கற்றுத்தரும்.

கரையில் ஆங்காங்கே கருமணலும் காணப்படும். இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கோன், மோனசைட்டு முதலிய கனிமங்கள் இதில் அடங்கியுள்ளன. 1909 இல் சோம்பெர்கு என்னும் செருமானியர், திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். அதன் பின்னரே மணவாளக்குறிச்சியில் கனிம மணல் தொழில் தொடங்கியது. இன்று அங்கு நடுவண் அரசின் அரிய மணல் நிறுவனம் இயங்குகிறது.

கதிரவன் மறைவு

கன்னியாகுமரியில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் கதிரவன் கடலுக்குள் மறைவதைக் காண இயலாது. குமரிமுனையில் இருந்து கரை ஏறத்தாழ மேற்கு நோக்கிச் செல்வதால், கதிரவன் வடக்கே சாய்ந்திருக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிய காலத்தில் அது நிலத்தின் பக்கமாக மறையும். முட்டத்திற்கு அப்பால் கரை வடமேற்காகத் திரும்பிவிடுகிறது. ஆகவே இங்கு மேற்குத் திசை கடலாகத் திறந்து கிடக்கிறது. எனினும் ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மேகங்கள் வானை மறைப்பதால், நடைமுறையில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலமே பயணத்திற்கு ஏற்றது.

கடலின் இயல்பு

முட்டத்தில் பாறைகளை அடுத்து உடனே ஆழம் தொடங்கும் இடங்கள் உள்ளன. அங்கு அலை உடைந்து வலுவிழக்கப் போதிய ஆழமற்ற பரப்பு இல்லை. அதன் விசை முழுவதும் பாறையின் மீது வந்து மோதுகிறது. அலைகள் யாவும் ஒரே அளவில் வருவதும் இல்லை. பல சிறிய அலைகளுக்குப் பின்னர் சில பெரிய அலைகள் தொடர்ந்து வரும். ஐந்து நிமிடம் நின்று பார்த்து, நீர் எட்டவில்லை என்று முடிவு செய்பவர் இந்தப் பெரிய அலைகளைக் கணக்கில் கொள்ளாதவர் ஆவார். பாறை ஈரமாக இருப்பதும் பாசி படிந்திருப்பதும் அலை அதுவரை ஏறி வருகிறது என்பதற்கான அடையாளங்கள். உலர்ந்த பாறையிலேயே நிற்பது எளிய பாதுகாப்பு.

இதைவிட ஏமாற்றக்கூடியது கள்ளக்கடல் ஆகும். கேரள, குமரி மீனவர்கள் வழங்கும் இச்சொல்லை இன்று அறிவியலாளரும் பயன்படுத்துகின்றனர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நான்கைந்து நாட்களில் இக்கரையை அடைகின்றன. அப்போது இங்கு காற்றோ மழையோ இராது; வானம் தெளிவாகவே இருக்கும். முன்னறிவிப்பின்றிக் கடல் திடீரெனக் கரையேறுவதால் இதற்கு இப்பெயர். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலத்தில், இது மிகுதி. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் இதற்கான எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

2024 மே 6 அன்று, முட்டத்திற்குக் கிழக்கே கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. எச்சரிக்கை வெளியிடப்படுவதும் அது வெளியூர்ப் பயணியின் காதுக்கு எட்டுவதும் ஒன்றல்ல. கரையில் நிற்கும் மீனவரிடம் அன்றைய கடல் எப்படி எனக் கேட்டறிவது, எந்தக் காலத்திலும் இதற்கு ஒரு நல்ல வழி.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இம்மாவட்டத்து மீனவர் பலர் கடலிலேயே மாண்டனர்.

மக்களும் மீன்பிடியும்

முட்டம் ஒரு மீனவர் ஊர். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்க கிறித்தவர்கள். 1544 இன் இறுதியில் பிரான்சிசு சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஒரு மாத காலத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் குறிப்பிட்டுள்ளார். இக்கரையில் கத்தோலிக்க சமயம் பரவியதில் இது முதன்மையான நிகழ்வாகும். ஊரில் உள்ள சகல புனிதர்கள் ஆலயம் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

முற்காலத்தில் கட்டுமரமும் வள்ளமுமே இங்கு வழக்கில் இருந்தன. தற்போது வெளிப்பொறி பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெருகியுள்ளன. முட்டத்தில் தனியார் மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் உள்ளது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரையின் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களைச் சின்னமுட்டம் பின்பற்றுகிறது. ஒரே மாவட்டத்தில் இரு தடைக்காலங்கள் நடைமுறையில் இருப்பது குறிப்பிடத்தக்கது. காலை வேளையில் மீன் ஏலம் கூவப்படுவதைக் காண்பது, படம் எடுப்பதற்கென்றே வருவோருக்கும் நல்ல அனுபவமாக அமையும். ஆயினும் அது பிறர் பிழைப்பு நடக்கும் இடம் என்பதால் ஒதுங்கி நின்று காண்பதே முறை.

திரைப்படங்களில்

பாரதிராசா இயக்கிய அலைகள் ஓய்வதில்லை (1981) முட்டத்தில் படமாக்கப்பட்டது. கார்த்திக், ராதா இருவருக்கும் இதுவே முதல் படம். அவரே இயக்கிய கடலோரக் கவிதைகள் (1986) படத்தின் கதையும் இவ்வூரிலேயே நிகழ்கிறது. இதில் சத்யராசு கதைத்தலைவனாக நடித்தார்; ரேகா அறிமுகமானார். இரு படங்களுக்கும் இளையராசா இசையமைத்தார். கடல் கண்டிராத உள்மாவட்டத்து மக்கள் பலருக்கு முட்டம் என்ற பெயரை அறிமுகம் செய்தவை இப்படங்களே.

அருகிலுள்ள இடங்கள்

மேற்கே மணவாளக்குறிச்சியை அடுத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் உள்ளது. பெண்களின் சபரிமலை எனப்படும் இக்கோவிலில் புற்றே அம்மனாக வழிபடப்படுகிறது. மாசி மாதத் திருவிழாவின் போது இப்பகுதிச் சாலைகளில் நெரிசல் மிகும். மேலும் மேற்கே குளச்சல். 1741 இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையை இங்கு தோற்கடித்தது. அதன் நினைவாக வெற்றித்தூண் ஒன்று நிற்கிறது. போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைத்தளபதியான டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அருகிலேயே மரவேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற பத்மநாபபுரம் அரண்மனை உள்ளது. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் இதனைக் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடப்பட்டிருக்கும்.

போக்குவரத்து

நாகர்கோவிலில் இருந்து முட்டத்திற்குப் பேருந்துகள் இயங்குகின்றன. நாகர்கோவில் சந்திப்பு, இரணியல் ஆகியவை அருகிலுள்ள தொடருந்து நிலையங்கள். அருகிலுள்ள வானூர்தி நிலையம் திருவனந்தபுரத்தில் உள்ளது. மாலைக் காட்சி வரை தங்குவோர் திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக் கொள்ளலாம்.