தொலைமேசை அமர்வில் சூழல் மாறிகள்

சூழல் மாறி என்பது ஒரு நிரல் தொடங்கும்போது இயக்குதளம் அதனிடம் ஒப்படைக்கும், பெயரும் மதிப்பும் கொண்ட குறிப்பு ஆகும். 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அறிமுகமான இம்முறையின் வழியாகவே நிரல்கள் பயனரின் கோப்புறை, மொழி, நேர வலயம் முதலியவற்றை அறிகின்றன. சேவையகத்தில் இயங்கும் மேசைத்தளத்தை வேறொரு கணினியின் திரையில் காட்டும் தொலைமேசை ஏற்பாட்டில் இம்மாறிகள் சேவையக அமர்வுக்கே உரியவை; பயனரின் கணினியில் உள்ளவை பொதுவாக அங்குச் சென்று சேர்வதில்லை.

மதுரையிலிருந்து ஒருவர் காலை 10 மணிக்கு அயல்நாட்டுச் சேவையகம் ஒன்றில் நுழைந்தால், அது உலகப் பொதுநேரத்தில் இயங்கும்பட்சத்தில் கடிகாரம் 4.30 எனக் காட்டும். சேவையகத்தின் கடிகாரத்தைத் தொடாமல், அவருடைய அமர்வில் மட்டும் ‘டிஇசட்’ என்னும் மாறிக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ என்ற மதிப்பை அளித்தால் லினக்ஸ் நிரல்கள் இந்திய நேரத்தைக் காட்டும். அதுபோல ‘லேங்’ மாறியில் தமிழையும் இந்தியாவையும் குறிக்கும் மதிப்பை இட்டால், தமிழாக்கம் உள்ள நிரல்கள் தமிழில் தோன்றும்; ஆனால் அம்மொழிக்குரிய தரவு சேவையகத்தில் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும்.

மாறிகளைத் தாய்நிரலிடமிருந்து சேய்நிரல் பெறுவதால், எழுதும் இடமே அவற்றின் எல்லையை வகுக்கிறது. லினக்ஸில் தொலைமேசை வழங்கும் எக்ஸ்ஆர்டிபி மென்பொருளின் அமர்வு மேலாளர் கோப்பில் மாறிகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அங்கு எழுதப்படுவது அம்மேலாளர் தொடங்கும் எல்லா அமர்வுகளுக்கும் பொருந்தும். தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் இணைப்பில் பயனர் கணினி அனுப்பவும் சேவையகம் ஏற்கவும் இசைந்த மாறிகளே கடக்கும். நூலகக் கோப்புகளின் தேடுபாதையை மாற்றும் மாறிகள் பாதுகாப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் இக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது. திரையைக் குறிக்கும் ‘டிஸ்பிளே’ போன்று அமர்வுக்கு அமர்வு வேறுபடும் மாறிகளை நிலையான மதிப்பாக எழுதலாகாது.

விண்டோஸில் கணினிக்குரிய மாறிகளும் பயனருக்குரிய மாறிகளும் பதிவகத்தில் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. நிர்வாகிகள் குழுக் கொள்கை வழியாகப் பல கணினிகளில் ஒரே மதிப்பைப் பரப்பலாம். மாறிகளை நிலையாகச் சேமிக்கும் ‘செட்எக்ஸ்’ கட்டளை இடும் மதிப்பு ஏற்கெனவே இயங்கும் நிரல்களை எட்டாது. தொலைமேசைச் சாளரத்தை மூடுவது இணைப்பை மட்டும் துண்டித்து, அமர்வைப் பழைய மாறிகளோடு உயிருடன் விட்டுவைக்கும் என்பதால், மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வர வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும்.